காய்ச்சல் கண்ட எவரும்

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று கரூரில் மணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பட்டுச் சேலைக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் இருந்தது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ஹோமப் புகை, கூட்டம், மண்டபத்து வெக்கை என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். தாலி கட்டி முடிந்ததும் சேலையை அவிழ்த்து நிழலில் காயப்போட்டார்கள், ஆறவில்லை. ஏ.சி. அறையில் இரண்டு நாள் வைத்தார்கள், அறைதான் சூடானது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் மடிப்புக்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, இது சூடு இல்லை, காய்ச்சல் என்று சொன்னவர். நான்காம் நாள் சேலை அட்டைப்பெட்டியில் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்தது.

அதை விற்றவர் கோதண்டபாணி. கூரம் கிராமத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அப்பா காலத்தில் பட்டுக்கு வந்தது. இப்போது பட்டு வியாபாரிகள் கூட்டமைப்புக்கு அவர்தான் தலைவர். பெட்டியைத் திறந்து உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். நெய்தவர் யாரென்று பார்த்தால், பிள்ளையார்பாளையம் இழைகாத்த அம்மன் கோயில் தெரு ஆதிகேசவன். அந்தத் தெருவில் ஒரு மாதமாகவே காய்ச்சல் நடமாடிக்கொண்டிருந்தது. உயிரைப் பறிக்கிற காய்ச்சல் இல்லை. எலும்பைப் பிடிக்கும், சாயங்காலமானால் நடுக்கும். பேசாமல் படுத்துக் கிடந்தால் பத்தாம் நாள் தானாக இறங்கிவிடும், படுக்காதவர்களிடமிருந்து இறங்காது. ஆதிகேசவன் படுக்கவில்லை. பத்தொன்பது நாளாகக் காய்ச்சலோடு தறியில் உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணி சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து சம்பூர்ணத்தை அனுப்பினார்கள்.

சம்பூர்ணம் தாமலிலிருந்து தினமும் காலை ஆறேகால் பஸ்ஸில் வருகிறவள். வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு பார்ப்பதும், வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டுக் குறிப்பதும் அவள் வேலை. வந்த நாளுக்குக் கூலி, வராத நாளுக்கு இல்லை. புருஷன் இளங்கோவனுக்கு ஓரிக்கையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. அவளுக்கென்று ஒரு வீம்பு உண்டு: பொய் நம்பர் எழுத மாட்டாள். ஒரு மழைக்காலத்தில், புழு இருந்த தொட்டிகளை இல்லையென்று எழுதச் சொன்னார் மேஸ்திரி. அவள் எழுதவில்லை. ஆறு மாதம் ஊரின் மறுகோடி வார்டுக்கு மாற்றினார்கள். ஆறு மாதமும் நடந்தே போய் அங்கிருந்த புழுக்களையும் சரியாக எண்ணி எழுதிவிட்டு வந்தாள்.

அவள் ஆதிகேசவன் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்தாள். நூற்றிரண்டு. தறியில் பாதி நெய்திருந்த அரக்குச் சேலைக்கு நேராகப் பிடித்தாள். நூற்றிரண்டு. பக்கத்தில் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட உட்கார்ந்திருந்த அவர் மனைவி நீலாம்பாளுக்கு ஒன்றுமில்லை, சுவருக்கும் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தடவை வரிசையாகப் பார்த்துவிட்டு, படிவத்தில் நோயாளிகள் இரண்டு என்று எழுதினாள். ஒரு பெயர் ஆதிகேசவன். அதன் கீழே, அரக்குச் சேலை, மாம்பழ மஞ்சள் கரை.

காய்ச்சலோடு ஒருவர் எந்தப் பொருளில் வேலை செய்தாலும் அந்தப் பொருளுக்கும் காய்ச்சல் வரும் என்பது அந்த வாரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சேலையிலிருந்து மனிதருக்கு ஒட்டுவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டியது. தெருவில் ஐம்பது பேர் முனகிக்கொண்டிருந்தபோது வராத உத்தரவு, ஏழு சேலைகள் திரும்பி வந்ததும் ஒன்றரை நாளில் வந்தது. கூட்டமைப்பே கேட்டு வாங்கிய உத்தரவு அது. எழுதியவர் மருத்துவ அலுவலர் டாக்டர் அகிலா. வளவளவென்று எழுதுகிற பழக்கம் இல்லாதவர். 'காய்ச்சல் கண்ட எவரும் பத்து நாட்களுக்கு எந்தத் தொழிலும் செய்யலாகாது' என்று ஒரே வரி. வாசலில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவதும், தறியின் மிதிகட்டைகளைத் துணிப்பட்டையால் கட்டி முத்திரை வைப்பதும் சம்பூர்ணத்தின் வேலையாயிற்று. அது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆகவே பத்து நாள் என்பது யாருக்கும் அதிகமாகத் தோன்றவில்லை.

நெசவாளர்களுக்குத் தோன்றியது. நெய்தால்தான் கூலி. மிதிகட்டையைக் கட்டிக்கொண்டிருந்த சம்பூர்ணத்திடம் நீலாம்பாள் கேட்டாள்:

"ஏம்மா சம்பூர்ணம், மனுசனப் பத்து நாள் படுக்கச் சொல்லி நோட்டீசு ஒட்டிக்கினு போற. அடுப்ப யாரு படுக்கச் சொல்றது?"

"நான் இன்னாக்கா பண்றது? எனக்குங் காய்ச்சல் வந்தா இதே கதிதான்."

"அப்போ ஒனக்கு வராம பாத்துக்க."

இந்த யோசனையைச் சொல்லிவிட்டு நீலாம்பாள் அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தங்கள் வரிசை கட்டி நின்றன. கூட்டமைப்பிலிருந்து ஆறு பேர் வெள்ளை வேட்டியில் போய் மேலே யாரையோ பார்த்துவிட்டு வந்தார்கள். புதிய ஆய்வுகளின்படி நெசவாளர்களைப் பொறுத்தவரை ஐந்து நாள் ஓய்வே போதுமானது என்று ஒரு திருத்தம் வந்தது. ஐப்பசியில் தீபாவளியும் முகூர்த்தமும் சேர்ந்துகொண்டபோது, இன்னும் புதிய ஆய்வுகளின்படி நெசவாளர்களுக்கு மூன்று நாள் போதுமானதாயிற்று. அந்த ஆய்வுகளை அனுப்பிவைக்கும்படி அகிலா இரண்டு கடிதம் எழுதினார். வந்துகொண்டிருக்கின்றன என்று பதில் வந்தது. காய்ச்சலுக்கு மட்டும் இந்தத் திருத்தங்களை யாரும் படித்துக் காட்டவில்லை. அது தன் பழைய கணக்குப்படி பத்து நாள் கேட்டது. மூன்றாம் நாள் எழுந்து தறிக்குப் போனவர்களோடு தானும் எழுந்து போனது.

"நான் டாக்டருக்குப் படிச்சேன் சம்பூர்ணம். இப்போ பஞ்சாங்கம் பார்த்து மருந்து எழுதிட்டிருக்கேன்" என்றார் அகிலா, மூன்று நாள் நோட்டீஸ் கட்டைக் கொடுத்தபோது. சம்பூர்ணம் அதை வாங்கிக்கொண்டாள். பழைய நோட்டீஸ்களின் மேலேயே புதியதை ஒட்டினாள். சில கதவுகளில் பத்து, ஐந்து, மூன்று என்று தடிமனாக ஒரு அடுக்கே உண்டாயிற்று.

கார்த்திகையில் காற்று திசை மாறியது. டொரன்டோவில் ஒரு தமிழ்க் குடும்பம், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்க, பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போனது. தவறிப்போய் அனுப்பப்பட்ட ஒரு காய்ச்சல் சேலையை அந்தப் பெண் கட்டியிருந்தாள். கோட்டு போடாமல், உதடு நடுங்காமல், சிரித்த முகமாக இறங்கிவந்த அவளை எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கோதண்டபாணிக்கு அந்த மாதிரிச் சேலை நாற்பது வேண்டுமென்று செய்தி வந்தது. பிறகு ஓஸ்லோவிலிருந்து, பிறகு லண்டனிலிருந்து. 'கதகதப்புப் பட்டு' என்று அவர் பெயர் வைத்தார். விலை சாதாரணச் சேலையைப்போல் இரண்டு மடங்கு. நல்ல மனுஷர்தான்; நெய்கிறவருக்கும் கூலியை ஏற்றிக் கொடுத்தார். காய்ச்சல் இல்லாதவருக்கு அந்தக் கூலி இல்லை. ஒவ்வொருவரின் அட்டையிலும் சம்பூர்ணம் எழுதுகிற நம்பர்தான் அதற்குச் சாட்சி.

அதற்கு ஏற்றாற்போல நான்காவது உத்தரவு வந்தது: நெசவாளர்களுக்கு லேசான காய்ச்சல் வேலைக்குத் தடையல்ல. லேசானது என்றால் நூற்றொன்று வரை. வாங்குகிறவர்கள் இந்தச் சூடு போதவில்லை என்று எழுதியதும் நூற்றிரண்டு வரை லேசானதாயிற்று; மார்கழி பிறந்தபோது நூற்று மூன்றும் லேசானதுதான். தெருவில் ஆட்கள் உடம்பு தேறிவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தார்கள். காய்ச்சல் விட்டவர்கள் காய்ச்சல்காரர்களின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருவர் சம்பூர்ணத்தின் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வந்து, "நூத்தியொண்ணுன்னாச்சும் போடும்மா, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று கெஞ்சினார். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு என்று எழுதிவிட்டு அவள் நடந்தாள். எல்லாரையும் போலத் தானும் ஒரு நம்பர் மாற்றிப் போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தாள். குடி முழுகாது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆதிகேசவனின் அட்டையில் அவள் எழுதியது உண்மை நம்பர்தான். நூற்று மூன்று. பக்கத்தில் 'லேசானது' என்றும் எழுதினாள், உத்தரவு அப்படி. மார்கழி பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு, ஏதோ சொல்லவந்தவர்போல நிமிர்ந்த ஆதிகேசவன், அப்படியே தறிக்குழிக்குள் சரிந்தார். அவரைத் தூக்கியவர்களின் கை கொப்புளித்தது. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்துப் படுக்க வைத்தார்கள். வைக்க வைக்க ஐஸ் உருகிக்கொண்டே இருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று வாரம் பேச்சு வரவில்லை. சம்பூர்ணம் பார்க்கப் போனாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீலாம்பாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். நீலாம்பாள் திட்டவில்லை. முந்தானையிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பிரித்து, 'லேசானது' என்ற எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது இன்னாம்மா எழுதிக்கீது? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும் என்பது சம்பூர்ணத்துக்குத் தெரியும். நம்பரை மட்டும் உண்மையாக எழுதிவிட்டால் போதாது, பக்கத்தில் போடுகிற சொல்லும் தன் கையெழுத்துதான் என்று அன்றைக்கு அவளுக்கு உறைத்தது.

தை பிறந்த மூன்றாம் நாள் சம்பூர்ணத்துக்கே காய்ச்சல் கண்டது. அவள் பிடித்துக்கொண்டு வந்த பஸ் கம்பியில் அடுத்துக் கை வைத்தவர் உஸ்ஸென்றார். அவள் ஒட்டிய நோட்டீஸ்கள் கதவிலேயே கதகதத்தன. பூனைகள் அந்தக் கதவுகளில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்கின. தன் நெற்றியில் தானே கருவியை வைத்துப் பார்த்தாள். நூற்றிரண்டு. அலுவலகத்தில் வருகைப்பதிவு பார்க்கிறவரிடம் போய் லீவு கேட்டாள்.

"உத்தரவு முழுக்க நெசவாளருக்குத்தாம்மா இருக்குது. மூணு நாளோ, தடையில்லையோ, எல்லாமே அவங்களுக்கு. நீ இன்னா தறியா நெய்யற? இந்த உத்தரவு எதுவும் ஒனக்குச் செல்லாது."

"அப்போ எனக்குச் செல்ற உத்தரவு எது சார்?"

அவர் டாக்டர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். சம்பூர்ணம் அகிலாவிடம் போனாள். அகிலா கோப்பைப் புரட்டினார். ஆடி மாதத்து முதல் உத்தரவை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. பின்னால் வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் நெசவாளர் தலையில் மட்டும் கை வைத்திருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் அந்த ஒரு வரி அப்படியே உயிரோடு இருந்தது: காய்ச்சல் கண்ட எவரும், பத்து நாட்கள். அகிலா அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "ஓய்வு இருக்கு. கூலி இல்ல" என்றார். சம்பூர்ணம் சூடான கையில் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தை முதல் வெள்ளிக்குக் கோதண்டபாணி இழைகாத்த அம்மனுக்குச் சேலை சாத்தினார். ஆதிகேசவன் குழியில் விழுந்தபோது தறியில் இருந்த சேலை அது. மிச்சத்தை இன்னொருவர் நெய்து முடித்திருந்தார். நூற்று நான்கு டிகிரி. டொரன்டோக்காரர்களே இவ்வளவு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அம்மனுக்கு வந்தது. சாயங்காலம் தீபாராதனை காட்டும்போது பூசாரி லோகேஸ்வரன், அம்மன் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து பொரிந்து உதிர்வதைப் பார்த்தார். சேலையைக் களைந்து நூல் சேலை சாத்தினார். விடிந்து வந்து பார்த்தபோது பூமாலை அவித்த கீரைபோலத் தொங்கியது. மனிதருக்கு ஒட்டாத சேலைக் காய்ச்சல் அம்மனுக்கு ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டு அவர் நேரத்தைப் போக்கவில்லை. தெருவில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த சம்பூர்ணத்தைக் கூப்பிட்டார்.

அவளுடைய அம்மா ஆடிக் கூழுக்கு அந்தக் கோயிலுக்கு வந்த காலத்தில் வேப்பமரத்தடியோடு சரி. சம்பூர்ணம் பதினோரு வருடமாகக் கோயில் தொட்டியைப் பார்க்க உள்ளே போய்வந்திருந்தாலும், கருவறைப் பக்கம் திரும்பியதில்லை. அர்த்தமண்டபப் படியிலேயே நின்று கருவியை நீட்டினாள். திரையில் நம்பர் விழவில்லை.

"எட்டருந்து புடிச்சா எப்பிடிம்மா காட்டும்? உள்ள வா."

"நான் வரலாமாண்ணா?"

"காய்ச்சல் பாக்கறவ வராம வேற யாரு வருவா?"

உள்ளே போனாள். எண்ணெய் வாசனையும் கல்லின் அனலும் முகத்தில் அடித்தன. தன் காய்ச்சலால் கருவி தப்புக் காட்டுகிறதோ என்று முதலில் விளக்குத் தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பூசாரியைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அம்மன் நெற்றியில் பிடித்தாள். நூற்று நான்கு. அந்த முகத்தை இத்தனை கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. தறியிலிருந்து அப்போதுதான் எழுந்துவந்த ஒரு பெண்ணின் முகம்போல, கண்ணுக்குக் கீழே சோர்ந்திருந்தது.

படிவத்தை எடுத்தாள். பெயர், இழைகாத்த அம்மன். வயது, தெரியாது. தொழில் என்ற இடத்தில் நிறுத்தி லோகேஸ்வரனைப் பார்த்தாள். அவர் யோசித்து, "காவல்னு போடு" என்றார். நெசவாளர் இல்லை. திருத்தங்கள் எதுவும் செல்லாது. முதல் உத்தரவுதான். சம்பூர்ணம் பத்து நாள் என்று எழுதினாள். பக்கத்தில் 'லேசானதல்ல' என்று தானாகவே ஒரு சொல் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். கருவறைக் கதவைச் சாத்தி மஞ்சள் நோட்டீஸை ஒட்டினார்கள். காய்ச்சல் கண்ட எவரும்.

அந்தத் தெருவில் நெய்த சேலை எதுவும் அம்மன் காலடியில் ஒரு நிமிஷம் வைத்து எடுக்காமல் கடைக்குப் போவதில்லை. கதவு சாத்தியிருந்தால் வைக்க முடியாது. அது பழைய வழக்கம். அதோடு லோகேஸ்வரன், அம்மன் உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போது தெருவில் தறிச்சத்தம் கேட்கக்கூடாது என்றும் ஒரு வழக்கம் இருப்பதாகச் சொன்னார். அதுவும் பழையதா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் இன்று காலையிலிருந்து என்று சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று வீடுகளில் தறி நின்றது. பாயை விரித்துப் படுத்த ஆட்களுக்குத் தங்களுக்கு எவ்வளவு காய்ச்சல் இருந்தது என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. அம்மனுக்குப் பத்தியம் என்று ஊரார் அண்டா அண்டாவாகக் கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டுவந்தார்கள். சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு லோகேஸ்வரன் அதை வீடு வீடாக அனுப்பினார்.

நோயாளியைத் தினம் இரண்டு வேளை பார்க்க ஆள் வேண்டும் என்று அகிலா ஒரு தாளில் எழுதினார். 'சம்பூர்ணம், தற்காலிகப் பணியாளர், அம்மன் கண்காணிப்புப் பணி, பத்து நாள், இடத்தை விட்டு நகரக்கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அது வேலையாகிவிட்டது, வேலைக்குக் கூலியும் உண்டு. கோயில் மண்டபத்தில் தூண் ஓரமாக ஒரு பாயைப் போட்டுச் சம்பூர்ணம் படுத்தாள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எழுந்துபோய் அம்மனுக்கும் தனக்கும் பார்த்துக்கொண்டாள். மிச்ச நேரம் தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவள் அப்படித் தூங்கியதில்லை. இளங்கோவன் வந்து பார்த்துவிட்டு, எழுப்ப மனம் வராமல், தலைமாட்டில் இரண்டு ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனான்.

ஏழாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கோதண்டபாணி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவர் சூடு தாங்காமல் எடுத்துவிட்டார். மண்டபத்துக்கு வெளியிலேயே நின்றார். சம்பூர்ணம் எழுந்து உட்கார்ந்தாள்.

"இப்போ எவ்ளோம்மா இருக்குது?"

"காலைல நூத்தியொண்ணு மொதலாளி. எறங்கிக்கினுதான் இருக்குது."

"நாளைக்கு நாப்பது சேலை ஏத்தணும். கதவு தொறந்தாத்தான் ஆகும். தொண்ணூத்தெட்டுன்னு ஒரு வரி எழுதிடேன். மூணு நாள் முன்ன பின்ன, இன்னா ஆயிடப்போவுது? ஒன் வேலைய நெரந்தரம் பண்ணச் சொல்லி நானே பேசறேன்."

பதினோரு வருடமாக அவள் கேட்டுக் கிடைக்காதது அது. கருவியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே உள்ள போயி பாருங்க. இன்னா காட்டுதோ அத எழுதிடறேன்."

அவர் வாங்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதிகேசவன் தேறிட்டாரா?" என்றார்.

"பேச்சு வந்துடுச்சாம். மொத வார்த்தை இன்னா தெரியுமா? சேல முடிஞ்சுதான்னு கேட்டாராம்."

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்து நாள் படுக்கச் சொல்லுங்க மொதலாளி, எல்லாரையும். படுத்துக்கினு இருக்கறப்பவும் கூலி குடுங்க. அப்போ எந்தக் கதவையும் யாரும் சாத்த வேணாம்."

"படுத்துக்கினு இருக்கறவனுக்குக் கூலியா? எந்த ஊர்லம்மா அப்பிடி இருக்குது?"

"இந்த ஊர்லதான். அம்மனுக்கு ஏழு நாளா நைவேத்தியம் நிக்கலியே. படுத்துக்கினுதான் சாப்புடறா."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நாற்பது சேலையும் நின்றுபோயின.

பத்தாம் நாள் காலை அம்மனுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. சம்பூர்ணத்துக்கும் அதேதான். கதவைத் திறந்து பால் அபிஷேகம் செய்தபோது கல் குளிர்ந்திருந்தது. தொட்ட பூசாரிக்குச் சிலிர்த்தது. தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நாற்பத்து மூன்று வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தது. பக்கத்துத் தெருக்களில் லேசான காய்ச்சலோடு நெய்துகொண்டிருந்தவர்கள் அந்த வாரம் ஒவ்வொருவராகச் சாய ஆரம்பித்தார்கள். முகூர்த்த அவசரத்தில் இருந்த வியாபாரிகள் எல்லாரும் இழைகாத்த அம்மன் கோயில் தெருவையே தேடி வந்தார்கள். மாசி முடிவதற்குள் இன்னும் ஆறு தெருச் சாமிகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு பிள்ளையாருக்கு நூற்றிரண்டு. எல்லாவற்றையும் பார்த்து எழுதியது சம்பூர்ணம்தான். ஒரு முனீஸ்வரனுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வந்தாள். பூசாரி எவ்வளவோ கேட்டும் மாற்றவில்லை.

விதி மாறியது இரக்கத்தினால் என்று எழுதினால் அது பொய். வெளிநாட்டுக்குப் போன கதகதப்புப் பட்டுகள் கல்யாணம் முடிந்து பீரோவில் பத்து நாள் மடிந்து கிடந்ததும் தாமாகவே ஆறிப்போயின. இரட்டை விலை கொடுத்தவர்கள் திட்டி எழுதினார்கள். இங்கே படுத்து எழுந்த தெரு நேராக நெய்தது. படுக்காத தெருவில் கரை கோணிப்போயிற்று. பங்குனியில் கூட்டமைப்பின் ஆறு பேரும் மறுபடி வெள்ளை வேட்டியில் போனார்கள். புதிய ஆய்வுகளின்படி பத்து நாள் ஓய்வே சரியானது என்று உத்தரவு வந்தது. விற்கிற ஒவ்வொரு சேலையிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, ஓய்வு நாட்களுக்கு முக்கால் கூலி கொடுப்பது என்று கோதண்டபாணி கூட்டத்தில் எழுந்து சொன்னார். முழுக் கூலி கேட்டார்கள், முக்காலில் நின்றது. வரைவு அகிலாவிடம் வந்தபோது அதில் 'நெசவாளர்கள்' என்று இருந்தது. அவர் அதை அடித்துவிட்டுப் 'காய்ச்சல் கண்ட எவரும்' என்ற பழைய சொல்லையே மேலே எழுதி அனுப்பினார். அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. அதனால் பாவு நூல் சுற்றுகிறவர்களும், கடையில் சேலை மடிக்கிறவர்களும், சாக்கடை வாருகிறவர்களும், கொசுப்புழு பார்க்கிறவர்களும் அதற்குள் அடங்கிப்போனார்கள். கவனித்தபோது ஒரு வருடம் ஓடிவிட்டிருந்தது. பழகிப்போனதை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆதிகேசவன் சித்திரையில் தறிக்குத் திரும்பினார். ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து தெருவில் நடந்துவிட்டு வருவார். நீலாம்பாள் அதுவரை நாடாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அம்மனுக்கு இப்போது ஒவ்வொரு தை மாதமும் காய்ச்சல் வருகிறது, உள்ளூர் நாட்காட்டியில் பத்துக் கட்டங்களைச் சிவப்பில் அச்சிடுகிறார்கள். வெளியூரிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் அதை அனுசரித்து முன்கூட்டியே வந்துபோகிறார்கள். அந்த நாட்களில் சேலை கேட்டு யாரும் சண்டை போட்டதாகத் தகவல் இல்லை.

சம்பூர்ணத்தின் வேலை இன்னும் தற்காலிகம்தான். அடுத்த ஐப்பசியில் அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை எந்தக் கண்காணிப்புப் பணியும் இல்லாமல் தாமலில் தன் வீட்டிலேயே படுத்தாள். மழைக்கு ஏரி நிறைந்து, கலங்கலில் உபரித் தண்ணீர் வழிந்து விழும் சத்தம் படுக்கைவரை கேட்டது. பத்தாம் நாள் முக்கால் கூலிக்கான படிவம் வந்தது. அதில் ஒரு கட்டம், 'ஓய்வு நாட்களில் செய்த பணியின் விவரம்' என்று கேட்டது. வேறு ஏதோ படிவத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கட்டம். எல்லாரும் கோடு போட்டுவிடுவார்கள். சம்பூர்ணம் அதைக் காலியாக விடவில்லை. பேனாவை எடுத்து, 'படுத்திருந்தேன்' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மிச்சமிருந்த காய்ச்சலில் தாள் கொஞ்சம் சூடாக இருந்தது. அலுவலகத்தில் அதை ஆறும்வரை மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்து, ஆறிய பிறகு கோப்பில் சேர்த்தார்கள்.